கழிப்பிடத்தின் சாவி யாரிடம்? இடுக்கி, பாலக்காடு எல்லையில் தமிழ்ப் பெண்களின் அன்றாடப் பிரச்னை

மூணாறு கடைவீதியில் 2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஒன்பது நாட்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்ததைக் கேரளத் தமிழர் எவரும் மறந்திருக்க முடியாது. போனஸ் 19 சதவிகிதத்திலிருந்து 10 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே நெருங்க விடாமல், ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் தாங்களே கூடி நின்று, கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவிகிதம் பெற்ற பிறகுதான் அவர்கள் எழுந்தார்கள். அடுத்த மாதம் நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாய் ஆயிற்று. போராட்டத்தின் முன்வரிசையில் நின்ற கோமதி அந்த ஆண்டே தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்த நாட்களில் அப்பெண்கள் கூலியைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒற்றை அறை லயத்தைப் பற்றிப் பேசினார்கள். மழையில் ஒழுகும் கூரையைப் பற்றியும், பல குடும்பங்களுக்குப் பொதுவாக வெளியே நிற்கும் கக்கூஸைப் பற்றியும் பேசினார்கள். போனஸ் சதவிகிதம் கொட்டை எழுத்தில் வந்தது. கக்கூஸ் விஷயம் அதற்குப் பின் அதிகம் பேசப்படவில்லை. பேசக் கூச்சப்படும் விஷயம் என்பது ஒரு காரணம். பேச்சுவார்த்தை மேஜையில் உட்காருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பது இன்னொரு காரணம். ஆண்பிள்ளைக்கு மலையில் எந்தச் செடி மறைவும் போதும்.

லயத்தின் கடைசி வீட்டுக்குப் பின்னால்

லயம் என்பது என்ன என்று இப்பகுதி வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் காலத்தில் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள். ஓர் அறை, ஒரு சமையல் இடம், முன்னால் ஒரு திண்ணை. ஆறு வீடும் உண்டு, பத்து வீடும் உண்டு. கக்கூஸ் வரிசையின் பின்புறமோ, சரிவில் சற்றுக் கீழேயோ இருக்கும். சில எஸ்டேட்டுகளில் வீட்டோடு ஒட்டித் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பல இடங்களில் இன்றும் பொதுக் கக்கூஸ்தான்.

பகலில் இதன் கஷ்டம் ஒருவகை. காலைப் பெரட்டுக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசரம். தூய்மை இந்தியா திட்டத்தின் நகர்ப்புற விதிமுறை, பொதுக் கழிப்பிடங்களில் 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை, 25 பெண்களுக்கு ஓர் இருக்கை என்று கணக்கிடுகிறது. பெண்களுக்குக் கூடுதலாகக் கொடுத்திருப்பது நல்லதுதான். ஆனால் ஒருவருக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் 25 பேருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பி, கூடையை எடுத்துக்கொண்டு ஓடவேண்டிய பெண்ணுக்குக் கிடைப்பது எல்லாம் சேர்த்து அவ்வளவு நேரம் இருக்குமா?

இரவின் கஷ்டம் வேறு. மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று மலையில் சொல்ல முடியாது. வழி சரிவு, பாசி, அட்டை. போதாததற்கு யானை. மூணாறு வட்டாரத்தில் ‘படையப்பா’ என்று பெயர் வைத்து அழைக்கப்படும் கொம்பன் தெருவிலும் லயத்து முற்றத்திலும் நடந்து திரிவது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். சின்னக்கானலில் வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்த ‘அரிக்கொம்ப’னை 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அது ஒரே மாதத்தில் கம்பம் நகரத்துக்குள் வந்து நின்றது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோயிற்று. இருட்டில் கதவைத் திறந்து வெளியே போகும் பெண்ணுக்கு யானைப் பயமும் உண்மைதான், மனிதப் பயமும் உண்மைதான். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் பலர் பதில் சொல்லத் தயங்குவார்கள். லயத்துக் கோடியில் குடித்துவிட்டு நிற்பவன் தெரிந்தவனாகவே இருப்பான். அவன் மேல் புகார் சொன்னால் மறுநாளும் அதே வரிசையில்தான் குடியிருக்க வேண்டும். இப்போது செல்போன் காமிரா வேறு வந்துவிட்டது. கதவில் ஓட்டை, கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி என்றால் குளிக்கும் மறைப்பில்கூட நிம்மதி இல்லை.

ஆகவே பெண்கள் தங்களுக்குத் தெரிந்த வழியைக் கையாளுகிறார்கள். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரியைத் தட்டி எழுப்பித் துணைக்குக் கூட்டிப் போகிறார்கள். வயசுக்கு வந்த பெண்ணைத் தாய் தனியே அனுப்புவதில்லை. தாய் கூலிக்குப் போன பகல் நேரத்தில் அந்தப் பெண் அடக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். மாதவிலக்கு நாட்களில் துணி மாற்றவும் அலசவும் உலர்த்தவும் இடம் கிடையாது. தண்ணீர் குறைவாகக் குடித்துச் சிறுநீரை அடக்குவதால் சிறுநீர்த்தாரையில் கிருமி சேர்வதும் காய்ச்சலும் எரிச்சலும் வருவதும் எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்கள். கர்ப்பிணிக்கு இது கவனிக்கப்படாமல் போனால் குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடக்கூடும்.

சட்டம் என்ன சொல்லிற்று?

தோட்டத் தொழிலாளர்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஒன்பதாவது பிரிவு இதற்கென்றே இருந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே, போதிய எண்ணிக்கையில், தொழிலாளிகள் எளிதில் போய்வரக்கூடிய இடத்தில் கழிப்பிடங்கள் கட்டவேண்டும், அவற்றைச் சுத்தமாக வைத்திருக்கவும் வேண்டும் என்று அது கூறிற்று. பதினைந்தாவது பிரிவு தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமை ஆக்கிற்று. கேரளம் இதற்கு 1959இல் தனி விதிகள் செய்தது. சோதனை செய்ய இன்ஸ்பெக்டர்களும் உண்டு.

சட்டத்தின் வாசகத்தில் குறை காண்பது கடினம். ‘எளிதில் போய்வரக்கூடிய’ என்ற சொல்லில் எல்லாமே அடங்கியிருக்கிறது. ஆனால் யாருக்கு எளிது, எந்த நேரத்தில் எளிது என்று யார் அளந்தது? இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வருவது பகல் பதினொரு மணிக்கு. அப்போது வெளிச்சம் இருக்கும். தண்ணீர்க் குழாயும் அன்றைக்கு ஓடும். கட்டடம் இருக்கிறதா, இருக்கிறது. எண்ணிக்கை சரியா, சரி. அதே கட்டடத்துக்கு இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் போய்வர முடியுமா என்பதற்கு அவர் கையிலிருக்கும் படிவத்தில் கட்டம் கிடையாது. இது ஒரு தனி மனிதரின் குற்றம் என்று சொல்வதற்கில்லை. எண்ணிக்கையைக் கேட்கும் படிவத்துக்கு எண்ணிக்கைதான் பதிலாக வரும்.

அன்றியும் இந்தச் சட்டம் தொட்டது 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களைத்தான். அதற்கு வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால்தான் எல்லைப் பகுதியின் முழுப் படமும் தெரியும்.

ஜீப்பில் வருபவர்கள்

விடிவதற்கு வெகு முன்பே கம்பம், கூடலூர், தேவாரம், கோம்பை, போடி ஊர்களில் ஜீப்புகள் புறப்படுகின்றன. கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக ஏறி, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, வண்டன்மேடு, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களைக் கொண்டுபோய் இறக்குகின்றன. மாலையில் அதே ஜீப்பில் திரும்புகிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து வீடு வந்து சேரும் வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இந்த நேரம் முழுதும் அவர்களுக்குக் கழிப்பிடம் என்பது ஏலச்செடியின் மறைவுதான். பெரிய எஸ்டேட்டுகளில் ஏதேனும் ஒரு மூலையில் கட்டடம் இருக்கலாம். காய் எடுக்கும் இடத்திலிருந்து அங்கே போய்வர அரை மணி பிடிக்கும் என்றால் கங்காணி விடுவாரா? சிறு தோட்டங்களில், அதாவது ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்தவற்றில், கேட்கச் சட்டமே இல்லாமல் இருந்தது. ஏலம் பெரும்பாலும் சிறு தோட்டங்களிலேயே விளைகிறது.

இப்பெண்கள் குடியிருப்பது தமிழ்நாட்டில். வேலை செய்வது கேரளத்தில். அங்கே ஓட்டுண்டு, இங்கே கூலியுண்டு. இரண்டு சர்க்கார்களின் கணக்கிலும் இவர்கள் பாதிப் பாதி. 2020இல் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தபோதுதான், இவர்கள் இல்லாமல் ஏலக்காய் செடியிலேயே நின்றுவிடும் என்பதை இரு பக்கத்தாரும் உணர்ந்தார்கள். அந்த நினைவு அதிக நாள் நிலைக்கவில்லை.

ஓய்வு பெற்றவர்களின் கதை வேறு. எஸ்டேட் வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவரேனும் கொழுந்துக் கூடையைத் தூக்கினால்தான் வீடு நிலைக்கும். அப்படி இல்லாதவர்கள் ஊருக்குத் திரும்ப நிலமும் இல்லாமல், மூணாறு டவுனை ஒட்டிய சரிவுகளில் தகரமும் தார்ப்பாயும் கொண்டு ஒண்டுகிறார்கள். பட்டா இல்லாத இடம். வீட்டுத் திட்டமானாலும் கழிப்பிடத் திட்டமானாலும் அதிகாரி முதலில் கேட்பது நிலத்தின் காகிதத்தை. பீர்மேட்டில் 2000ஆம் ஆண்டுவாக்கில் மூடப்பட்ட எஸ்டேட்டுகளில் இன்னொரு விநோதம். அங்கே லயமும் உண்டு, ஆட்களும் உண்டு, முதலாளி இல்லை. யார் மேல் கேஸ் போடுவது?

லயத்தின் ஆபத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெட்டிமுடி சாட்சி. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு மலை சரிந்து, லயங்களில் உறங்கிய 70 உயிர்கள் போயின. பலருடைய சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். வெளியூருக்குச் செய்தி எட்டவே பொழுது விடிந்துவிட்டது. கழிப்பிடத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் இதை எதற்குச் சொல்ல வேண்டும் என்றால், இரவில் லயத்தில் என்ன நடக்கிறது என்பது பகலில் ஆளும் உலகத்துக்குத் தெரிவதில்லை என்ற ஒரே காரணத்துக்காகத்தான்.

பாலக்காட்டுப் பக்கம்

பாலக்காட்டுச் சமவெளியில் லயம் கிடையாது. வாடகை அறை உண்டு. வாளையாறு, கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையைச் சுற்றிலும் ஒலவக்கோடு ரயில் நிலையத்துக்கு அக்கம்பக்கத்திலும் வரிசை அறைகளில் குடும்பத்தோடு இருக்கும் தமிழர்களுக்குப் பொதுக் கக்கூஸ், பொதுக் குழாய் என்பது புதிதல்ல. அறைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் சொந்தக்காரர் கழிப்பிடக் கதவுக்குக் கொண்டி போட்டுத் தர மறப்பார்.

கஞ்சிக்கோட்டில் கேரள சர்க்கார் 2019இல் ‘அப்னா கர்’ என்ற விடுதியைத் திறந்தது. வெளிமாநிலத் தொழிலாளிகளுக்கென்று 620 பேர் தங்கும் கட்டடம். சமையலறையும் கழிப்பறையும் குளியலறையும் முறையாக உண்டு. மற்ற மாநிலங்கள் பார்த்துப் பழகவேண்டிய முயற்சி. ஆனால் அது ஆண்களுக்கானது. வெளிமாநிலத் தொழிலாளி என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியே வந்த ஆண் என்ற நினைப்பு சர்க்காருக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே இருக்கிறது. மாங்காய்த் தோப்புக்கும் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் பெண்டு பிள்ளையோடு வருகிறவர்கள் அந்தப் படத்தில் இல்லை.

முதலமடைப் பஞ்சாயத்தில், கோவிந்தாபுரத்தை ஒட்டிய அம்பேத்கர் காலனி 2017இல் பத்திரிகைகளில் அடிபட்டது. தமிழ் பேசும் சக்கிலியர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. குடிதண்ணீர்க் குழாயிலும் டீக்கடையிலும் சாதி பார்க்கப்படுகிறது என்று அம்மக்கள் குற்றம் சாட்டினார்கள். தண்ணீர்க் குழாயில் தகராறு என்றால் கழிப்பிடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? குடம் சுமப்பது எந்த ஊரிலும் பெண்ணின் தலைதான்.

இதையெல்லாம் கேரளத்தைக் குறைகூறுவதற்காகச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் 95.2 சதவிகித வீடுகளில் கழிப்பறை இருந்தது, தமிழ்நாட்டில் 48.3 சதவிகிதம்தான். 2016 நவம்பர் 1ஆம் தேதி கேரளத்தின் கிராமப்புறம் திறந்தவெளிக் கழிப்பு இல்லாதது என்று அறிவிக்கப்பட்டது. ஊரை ஒட்டி நிற்கும் மலையாளக் குடும்பத்தின் சிறு வீட்டிலும் கழிப்பறை இருப்பதைத் தமிழர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். நூறில் தொண்ணூற்றைந்து என்ற பெருமைக்குள் மீதி ஐந்து மறைந்துபோகிறது. லயத்திலும் கொட்டகையிலும் வாடகை வரிசையிலும் இருக்கும் நம்மவர்கள் அந்த ஐந்தில் சேர்ந்தவர்களா, அல்லது வெளியே ஒரு பொதுக் கட்டடம் இருப்பதால் ‘உண்டு’ என்று எழுதப்பட்டவர்களா என்பதுதான் கேள்வி.

பெண்கள் கையில் எடுத்த இடங்கள்

இதே கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில், துணிக்கடைகளில் நிற்கும் பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லாமல் இருந்தது. கேட்டால் தண்ணீரைக் குறைத்துக் குடி என்று பதில் வந்தது. தையல் வேலை செய்த விஜி என்ற பெண்மணி ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கி முதலில் போராடியது கழிப்பிடத்துக்காகத்தான். அதில் வென்ற பிறகு, வேலை நேரத்தில் உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி அதைக் கொடுத்தது. தமிழ்நாடு 2021இல் அதே வழியைப் பின்பற்றிற்று. கழிப்பிடத்தில் தொடங்கிய பேச்சு எங்கே போய் முடிந்தது பாருங்கள்.

பம்பாயில் இதற்கு முன்னோடியாக நின்றவர் ஒரு தமிழர். கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய் சேரியில் வாழ்ந்த ஜோக்கின் அற்புதம். அவர் இருந்த ஜனதா காலனி 1976இல் இடிக்கப்பட்டு மக்கள் சீட்டா கேம்ப்புக்குத் தள்ளப்பட்டார்கள். அவர் சேரிவாசிகள் சம்மேளனத்தைக் கட்டி வளர்த்தார். நடைபாதையில் குடியிருந்த பெண்களின் ‘மகிளா மிலன்’ அதனோடு சேர்ந்தது. 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் பெற்றார், 2018இல் காலமானார். 1999க்குப் பின் புனா நகராட்சி தொண்டு நிறுவனங்களைக் கொண்டு சேரிகளில் நூற்றுக்கணக்கான கழிப்பிடங்கள் கட்டியபோது இவர்களும் அதில் ஒரு பகுதியை ஏற்றார்கள். படம் போடும்போது என்ஜினியர்களுக்குத் தோன்றாத விஷயங்கள் அப்பெண்களுக்குத் தோன்றின. ஆண் வரிசையும் பெண் வரிசையும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. கையில் வாளியோடு வருகிறவள் தோளால் தள்ளிக்கொண்டு போகும்படி கதவு இரு பக்கமும் திறக்க வேண்டும். வரிசையில் பெரியவர்கள் பிடித்துத் தள்ளிவிடும் குழந்தைகளுக்குத் தனி இடம் வேண்டும். பெரிய தண்ணீர்த் தொட்டி வேண்டும். காவலுக்கு இருப்பவர் குடும்பத்தோடு அங்கேயே தங்க ஓர் அறை வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஒரு குடும்பம் குடியிருக்கும் இடத்தில் இரவில் விளக்கு எரியும்.

திருச்சியின் அனுபவம் இன்னும் பக்கத்தில் இருப்பது. கிராமாலயா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு அங்கே பல சேரிகளில் பாழடைந்து கிடந்த பொதுக் கழிப்பிடங்களை மகளிர் சுய உதவிக் குழுக்கள் மாநகராட்சியிடமிருந்து ஏற்றன. வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பார். ஆரம்பத்தில் ஐம்பது காசுதான். அந்தக் காசில் சுத்தம் செய்பவருக்குக் கூலி, மின்சாரம், பல்பு, பினாயில், உடைந்த கதவுக்கு ஆசாரி. கணக்கைக் குழுக் கூட்டத்தில் வாசிப்பார்கள். கல்மந்தை என்ற சேரி 2002இல் திறந்தவெளிக் கழிப்பு அறவே இல்லாத சேரி என்று அறிவிக்கப்பட்டு, நாட்டிலேயே முதலாவது என்று பெயர் பெற்றது. கட்டடம் பழைய மாநகராட்சிக் கட்டடமேதான். சாவி மட்டும் கை மாறிற்று.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நகரத்துச் சேரியில் காசு வாங்கிப் பராமரித்தது சரி. தோட்டத்தில் அது முதலாளியின் கடமை. அங்கே பெண்களிடம் காசு வசூலிக்கும் பேச்சே எழக் கூடாது. ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சாவியைக் கொடுத்துவிட்டுச் செலவையும் அவர்கள் தலையில் கட்டினால் அது கடமையைத் தட்டிக் கழிக்கும் வேலை. சுத்தம் செய்யும் வேலையை ஏதோ ஒரு சாதிக் குடும்பத்தின் மேல் சுமத்துவதும் பழைய பாவத்தைப் புதுப்பிப்பதே ஆகும். கழிவுத் தொட்டியில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மலையில் இன்னொரு சிக்கல்: மேலே கட்டும் கக்கூஸின் குழி கீழே இருக்கும் ஊற்றுக்கு விஷமாகக் கூடாது. எத்தனை அடி தள்ளி, எந்தப் பக்கச் சரிவில் என்பதைப் பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

இப்போது ஏன் அவசரம்?

1951ஆம் ஆண்டுச் சட்டம் இன்று இல்லை. நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்து, பழையதைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. புதிய சட்டத்தின் 92ஆவது பிரிவு தோட்டங்களைப் பற்றியது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் குடிதண்ணீர், சமையலறை, கழிப்பறை உள்பட வீட்டு வசதி தரும்படி முதலாளிகளைப் பணிக்க மாநில சர்க்கார் விதி செய்யலாம் என்கிறது அது.

இந்த வாசகத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். பழைய சட்டத்தில் வீடு ஒரு பிரிவு, கழிப்பிடம் வேறொரு பிரிவு. புதியதில் கழிப்பறை வீட்டுக்குள் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு கழிப்பறை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். வரிசைக்குப் பின்னால் நிற்கும் பழைய கட்டடமே போதும் என்றும் வாதிக்கலாம். எது என்பதை மாநில விதிதான் தீர்மானிக்கும். கேரள சர்க்காரும் தொழிற்சங்கங்களும் 2025இல் இந்தச் சட்டத்தொகுப்புகளை எதிர்த்தன. வேலைப் பாதுகாப்பு, சங்க உரிமை பற்றி அவர்கள் சொன்ன ஆட்சேபங்களைத் தள்ளிவிட முடியாது. ஆனால் டில்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே வழக்கு முடியட்டும் என்று லயத்துப் பெண் இரவில் தண்ணீர் குடிக்காமல் காத்திருக்க வேண்டுமா? சட்டம் எந்தப் பெயரில் இருந்தாலும் விதி எழுதப்படத்தான் போகிறது. எழுதும்போது ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் தனிக் கழிப்பறை, அதுவரை பொதுக் கழிப்பிடத்துக்குப் போகும் வழியெல்லாம் விளக்கு, உள்ளே தண்ணீர், உள்பக்கத் தாழ்ப்பாள், சாவியும் பராமரிப்புப் பொறுப்பும் லயத்துப் பெண்களின் கமிட்டியிடம், செலவு கம்பெனியிடம் என்று எழுதச் சொல்லிக் கேட்க இதுவே நேரம். சோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டர் இருட்டிய பிறகு ஒருமுறையேனும் வரவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏலத்தோட்டங்களில் சிறு தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கழிப்பிடம் கட்டப் பஞ்சாயத்து உதவினால், ஜீப்பில் வரும் பெண்களுக்கும் வழி பிறக்கும்.

கேட்பது எப்படி? கேரளத்தில் கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். தேவிகுளம், பீர்மேடு, சிற்றூர் தாலுகாக்களில் தமிழர் ஓட்டு அற்பமல்ல. தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே சர்க்காருக்கு எழுத 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் முதலே இடமுண்டு. மலையாளம் எழுதத் தெரியவில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஆபத்து நேர்ந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண் கேரளத்தில் 2017 முதலும் தமிழ்நாட்டில் 2018 முதலும் இருக்கிறது. எல்லையின் எந்தப் பக்கத்திலிருந்தும் அழைக்கலாம். வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கமிட்டி உண்டு. பத்துப் பேருக்குக் குறைந்த தோட்டத்தில் வேலை செய்பவளும் அங்கே புகார் கொடுக்கலாம்.

மனு எழுத ஆள் வேண்டும். ஆபீஸ்களில் உத்தியோகம் பார்க்கும் தமிழர்கள் இந்த மாவட்டங்களில் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் லயத்துக்கோ காலனிக்கோ போய், பெண்களை உட்கார வைத்துக் கேட்டு, வீட்டு வாசலிலிருந்து கழிப்பிடம் எத்தனை தப்படி, வழியில் எத்தனை விளக்கு, அதில் எத்தனை எரிகிறது, எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எத்தனை பேருக்கு ஒரு கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று எழுதி, அப்பெண்களிடமே கையெழுத்து வாங்கினால் போதும். ஒரு நகல் பஞ்சாயத்துக்கு, ஒன்று தொழில் இலாகாவுக்கு, ஒன்று கம்பெனிக்கு. வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேட்டுப் பெற வேண்டும். அடுத்த கிராம சபையின் தேதியைப் பஞ்சாயத்து ஆபீஸில் விசாரித்தால் சொல்வார்கள்.